டிரான்ஸ்ஃபர் பிரைசிங் அட்ஜஸ்ட்மென்ட் ஆர்டர் வந்துருச்சா? கம்பேரபிள் லிஸ்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆர்டர் கைக்கு வந்ததும் எல்லாரும் பண்ற முதல் காரியம் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எவ்ளோ ஏத்திருக்காங்கன்னு பாக்குறது, அடுத்து கன்சல்டன்ட்டுக்கு ஃபோனைப் போட்டு "சார் கம்பேரபிள்ஸ் எல்லாமே தப்பு சார்"னு புலம்ப ஆரம்பிக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். நம்மளோட ஒப்பிட்டுப் பாக்க ஆபீசர் எடுத்த கம்பெனி (அதான் கம்பேரபிள்) ஒவ்வொண்ணையும் ஏன் எடுக்கக் கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதிக் குடுத்துட்டு, சொந்தக் கம்பெனி கணக்கு சரியா இருக்கான்னு ஒரு தடவை கூடத் திருப்பிப் பாத்தது இல்ல. கேஸ் பாதி அங்கதான் இருக்குன்னு புரிய சில வருஷம் ஆச்சு. அதனால இது கம்பேரபிள் சண்டை போடுறது எப்படிங்கிற பதிவு இல்ல, அந்தச் சண்டைக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னுதான் எழுதுறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரே குரூப்ல இருக்குற ரெண்டு கம்பெனி, வேற வேற நாட்டுல, ஒருத்தருக்கொருத்தர் சரக்கு விக்கிறாங்க இல்ல சர்வீஸ் பண்றாங்க இல்ல கடன் குடுக்குறாங்க. அந்த விலைதான் டிரான்ஸ்ஃபர் பிரைஸ், அதை அவங்களே வச்சுக்கிறதால லாபத்தை எந்த நாட்டுல வேணா காட்டலாம். அதனால "உங்களுக்குள்ள சம்பந்தமே இல்லாம இருந்திருந்தா என்ன விலைக்குப் பண்ணிருப்பீங்களோ அந்த விலைக்குத்தான் நான் வரி போடுவேன்"னு வரித்துறை சொல்லுது. இதுதான் ஆர்ம்ஸ் லெங்த். ஓஇசிடிங்கிற பணக்கார நாடுகளோட கூட்டமைப்பு, நாடுகளுக்குள்ள போடுற வரி ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரி வச்சிருக்கு, அந்த மாடல் ஒப்பந்தத்தோட 9ஆவது ஷரத்து இதைத்தான் சொல்லுது, அதை நடைமுறைப்படுத்துற ஓஇசிடி கைட்லைன்ஸ் 1995ல வந்து பல தடவை திருத்தி 2022 பதிப்புல நிக்குது. ஆபீசர் பாத்து, நீங்க வச்ச விலை சரியில்லன்னு வரிக்கணக்குல மட்டும் லாபத்தைக் கூட்டுனா அதுக்குப் பேரு அட்ஜஸ்ட்மென்ட். பணம் எங்கயும் நகராது, வரி மட்டும் ஏறும்.

முதல் வேலை தேதி. ஆர்டர் வந்த அன்னைக்கே மூணு தேதியைக் காலண்டர்ல போட்டுருங்க. உள்நாட்டு அப்பீலுக்குக் கடைசி நாள், ஆர்டர்ல கேட்ட வரியை (டிமாண்ட்) கட்டவோ அதை நிறுத்தி வைக்கச் சொல்லி ஸ்டே கேக்கவோ கடைசி நாள், அப்புறம் எல்லாரும் மறக்குற மூணாவது, மியூச்சுவல் அக்ரிமென்ட் புரொசீஜர், சுருக்கமா மேப், அதாவது ரெண்டு நாட்டு வரி அதிகாரிங்களும் பேசித் தீக்குற வழி, அதுக்கான கடைசி நாள். மாடல் ஒப்பந்தத்துல 25ஆவது ஷரத்துப்படி ஒப்பந்தத்துக்கு மாறா வரி விழப்போகுதுன்னு முதல் முதலா அறிவிப்பு வந்த நாள்ல இருந்து மூணு வருஷம். உங்க ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல அது ரெண்டு வருஷமாவும் இருக்கலாம், எந்த நாள்ல இருந்து எண்ணணும்கிறதுலயே தகராறும் வரலாம், அதனால ஒப்பந்தத்தை எடுத்து நீங்களே படிங்க, யாரோ சொன்னாங்கன்னு நம்பாதீங்க. அப்பீல் ஓடிட்டு இருக்குல்ல, அது முடிஞ்சதும் பாத்துக்கலாம்னு உக்காந்திருந்தா மூணு வருஷம் எப்ப போச்சுன்னே தெரியாது.

அடுத்தது நம்பரை உடைக்கிறது. ஆர்டர்ல இருக்குற தொகையை நீங்களே எக்செல்ல முதல்ல இருந்து போட்டு அதே விடை வருதான்னு பாருங்க. சிரிக்காதீங்க, கூட்டல் தப்பு, பழைய வருஷ டேட்டா, ஒரே கம்பெனி ரெண்டு தடவை வர்றதுன்னு எல்லாம் இங்கதான் மாட்டும். ஒரு உதாரணம் போடுறேன். குரூப்ல இருக்குற வெளிநாட்டுக் கம்பெனிக்கு சர்வீஸ் பண்ற ஒரு கம்பெனி, வருஷச் செலவு 400, பில் போட்டது 420, லாபம் 20, அதாவது செலவு மேல 5 சதவீதம். ஆபீசர் எட்டு கம்பெனி எடுக்குறார், அவங்க மார்ஜின், அதாவது செலவு மேல லாப சதவீதம், 4, 6, 7, 9, 11, 13, 18, 32. கூட்டி எட்டால வகுத்தா 12.5. அப்ப 400 செலவுக்கு நீ 450 பில் போட்டிருக்கணும், போட்டது 420, மிச்சம் 30 உன் வருமானத்துல ஏத்துறேன்னு ஆர்டர் முடிஞ்சுது.

இப்ப இந்த 30க்குள்ள எத்தனை முடிவு ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க. சராசரி எடுத்தாரு, மீடியன், அதாவது வரிசைல நடுவுல நிக்கிற நம்பரை, எடுத்திருந்தா 10 சதவீதம், பில் 440, அட்ஜஸ்ட்மென்ட் 20 ஆயிருது. ஒரு கம்பெனியைக் கூட எதுத்துப் பேசாமயே பத்து போச்சு. 32 எடுத்த கம்பெனி சொந்த புராடக்ட் விக்கிற கம்பெனின்னு காட்டி அதை வெளிய தள்ளுனா மீடியன் 9, அட்ஜஸ்ட்மென்ட் 16. இங்க வரைக்கும் எல்லாரும் வந்துருவாங்க.

ஆனா இப்ப சொந்தக் கணக்கைத் திறந்து பாருங்க. அந்த 400 செலவுல 10 வந்து ஆபீஸ்ல தீப்பிடிச்சு சரி பண்ண செலவுன்னு வைங்க, அந்த வருஷம் மட்டும் வந்தது, வழக்கமான தொழில்ல வர்றது இல்ல. அதை எடுத்துட்டா செலவு 390, லாபம் 30, மார்ஜின் 7.7 கிட்ட வந்துருது. ஆபீசரோட எட்டு கம்பெனியையும் அந்த 32ஐயும் சேத்து அப்படியே வச்சுக்கிட்டு நடு ஐம்பது சதவீத ரேஞ்ச் போட்டா 6.75ல இருந்து 14.25 வரைக்கும் வருது. உள்ள வந்துட்டீங்க. உங்க நாட்டுச் சட்டம் ரேஞ்சை ஒத்துக்கிட்டா அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது, அந்த 32 கம்பெனிக்காக எழுதுன அறுபது பக்கமும் வேஸ்ட்டு. ஒரு எச்சரிக்கை, ரேஞ்ச் நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவுல ஆறு கம்பேரபிளாவது இருந்தா வரிசைல 35ஆவது பெர்சன்டைல்ல இருந்து 65ஆவது வரைக்கும், நிறைய நாட்டுல 25ல இருந்து 75, சில இடத்துல இன்னும் சராசரிதான் ஓடுது. எக்செல்ல கூட குவார்ட்டைலுக்கு, அதாவது அந்த நடு ஐம்பதோட ரெண்டு ஓரத்துக்கு, ரெண்டு ஃபார்முலா இருக்கு, ரெண்டும் வேற வேற விடை குடுக்கும், நான் மேல போட்டது இன்க்ளூசிவ் ஃபார்முலால, எக்ஸ்க்ளூசிவ்ல போட்டா 6.25ல இருந்து 16.75 வரும், ஆபீசர் எதைப் போட்டாருன்னு கேளுங்க.

அந்த 10ஐ எடுக்குறது சும்மா இல்ல, அது தெரிஞ்சுக்கோங்க. மூணு கேள்வி வரும். ஒண்ணு, நிஜமாவே அது அபூர்வச் செலவா, இன்சூரன்ஸ் கிளெய்ம், ஃபயர் ரிப்போர்ட் எங்க. ரெண்டு, கம்பேரபிள் கம்பெனிகள்லயும் அந்த மாதிரி செலவு இருந்தா அதையும் எடுத்தியா. மூணாவதுதான் விவகாரமானது. நீ ரிஸ்க் எடுக்காத கம்பெனி, எல்லாச் செலவுக்கும் மேல மார்க்கப் போட்டு வாங்குறேன்னு அக்ரிமென்ட்ல எழுதிருக்க, அப்ப தீப்பிடிச்ச நஷ்டத்தை நீ ஏன் தாங்குன, அதையும் மார்க்கப்போட வெளிநாட்டுக் கம்பெனி தலையில இல்ல கட்டிருக்கணும்னு கேப்பாங்க. இதுக்கு பதில் அக்ரிமென்ட்ல எந்தச் செலவு உள்ள எந்தச் செலவு வெளியன்னு ஒரு வரி இருக்குறதுலதான் இருக்கு, அந்த வரி இல்லன்னா இந்த வாதத்தையே எடுக்கலாமா வேணாமான்னு ரெண்டு தடவை யோசிங்க.

சொந்தக் கணக்குல இன்னும் ரெண்டு இடம் கண்டிப்பா பாருங்க. மொத்த கம்பெனியோட டர்ன்ஓவர் மேல அட்ஜஸ்ட்மென்ட் போட்டிருக்காங்களா, இல்ல குரூப்புக்குள்ள நடந்த பங்குக்கு மட்டுமா? வெளியாளுங்களுக்கும் நீங்க விக்கிறீங்கன்னா அந்த விலையை ஏன் சரி பண்ணணும், அது ஆர்ம்ஸ் லெங்த்தாவே இருக்கே. ஆனா செக்மென்ட் வாரியா கணக்கு பிரிச்சு வச்சிருந்தாத்தான் இது எடுபடும், ஆர்டர் வந்தப்புறம் பிரிச்சுக் காட்டுனா ஆபீசர் ஒரு மாதிரி பாப்பாரு, பிரிச்ச விதத்துக்கு ஒரு தர்க்கம், ஆள் கணக்கோ மணிக் கணக்கோ, காமிச்சே ஆகணும். இன்னொண்ணு வொர்க்கிங் கேப்பிடல். உங்களுக்குப் பதினஞ்சு நாள்ல பணம் வந்துருது, கம்பேரபிள் கம்பெனி தொண்ணூறு நாள் கடன் குடுக்குதுன்னா அவங்க விலைக்குள்ள வட்டியும் ஒளிஞ்சிருக்கு, அதைக் கழிக்கணும். ஒரு சதவீதம் அரை சதவீதம்தான் வரும், ஆனா ரேஞ்ச் ஓரத்துல நிக்கிறப்ப அந்த அரை சதவீதம் பெரிய விஷயம்.

இனி நிஜமான கேஸுக்கு வருவோம், யாரு என்ன வேலை பண்றா, யாரு சொத்து வச்சிருக்கா, யாரு ரிஸ்க் எடுக்குறா. ஃபங்ஷன், அசெட், ரிஸ்க், துறைல ஃபார் அனாலிசிஸ்னு சொல்லுவாங்க. உங்க டிரான்ஸ்ஃபர் பிரைசிங் ரிப்போர்ட்ல இதுக்கு அழகா ஒரு டேபிள் இருக்கும், டிக் டிக்கா போட்டு, பெரும்பாலும் போன வருஷ ரிப்போர்ட்ல இருந்து காப்பி அடிச்சது. ஆபீசர் அதை நம்ப மாட்டாரு. உங்க ஆளுங்களோட லிங்க்ட்இன் பாப்பாரு, "ரொட்டீன் சர்வீஸ் மட்டும்தான் பண்றோம்"னு ரிப்போர்ட் சொல்லும், அங்க ஒருத்தர் "குளோபல் புராடக்ட் ஸ்ட்ராட்டஜி ஹெட்"னு போட்டிருப்பாரு, முடிஞ்சுது கதை. ஆளுங்களைக் கூப்பிட்டு நேர்லயும் கேப்பாங்க. அதனால பதில் எழுதுறதுக்கு முன்னாடி நீங்க போய் கேளுங்க, புரொடக்‌ஷன்ல இருக்குறவர்கிட்ட, சேல்ஸ்ல இருக்குறவர்கிட்ட, "விலையை யாரு முடிவு பண்றது, சரக்கு வித்துப் போகலன்னா யாருக்கு நஷ்டம், வேணாம்னு சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு". வர்ற பதில் ரிப்போர்ட்டோட ஒத்துப் போகலன்னா இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது, டிரிபியூனல்ல தெரியுறதை விட.

அக்ரிமென்ட் ஒண்ணு சொல்லும் நடப்பு இன்னொண்ணா இருக்கும், அப்ப நடப்புதான் ஜெயிக்கும். அக்ரிமென்ட்ல எழுதுன நிபந்தனையை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாதுங்கிறதுக்கு ஆஸ்திரேலியாவுல எண்ணெய்க் கம்பெனி செவ்ரானோட கேஸ் நல்ல பாடம். அமெரிக்காவுல இருக்குற குரூப் கம்பெனி வெளிய சுமார் 1.2 சதவீதத்துல கடன் வாங்கி ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு ஏறக்குறைய 9 சதவீதத்துல குடுத்துச்சு, 250 கோடி டாலர் அளவுக்கான கடன். கேரண்டி இல்லாத, பெருசா நிபந்தனையும் இல்லாத கடன், அதான் வட்டி ஜாஸ்தின்னு வாதம். 2017 ஏப்ரல்ல ஃபெடரல் கோர்ட் ஃபுல் பெஞ்ச் அதை ஏத்துக்கல. இப்படிப்பட்ட குரூப்ல இருக்குற ஒரு கம்பெனி கடன் வாங்கணும்னா தாய்க் கம்பெனி கேரண்டியோட வட்டியைக் குறைச்சுத்தான் வாங்கிருக்கும்கிற திசைல போச்சு தீர்ப்பு. கம்பெனியைத் தனியாளா நினைச்சுப் பாருன்னா குரூப்பையே மறந்துருன்னு அர்த்தம் இல்ல.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்றேன், கனடாவுல மருந்துக் கம்பெனி கிளாக்ஸோவோட கேஸ். ரானிடிடின் மருந்துக்கான மூலப்பொருளை குரூப் கம்பெனிகிட்ட கிலோ 1,512ல இருந்து 1,651 கனடா டாலர் வரைக்கும் குடுத்து வாங்குனாங்க, அதே பொருளை ஜெனரிக் கம்பெனிங்க 194ல இருந்து 304க்கு வாங்கிட்டு இருந்தாங்க. 1990ல இருந்து 1993 வரைக்கான வருஷங்கள். நம்பரை மட்டும் பாத்தா கம்பெனி அவ்ளோதான்னு தோணும். ஆனா 2012ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கிளாக்ஸோ பேரு, பிராண்டு, பேட்டன்ட் எல்லாம் இன்னொரு லைசன்ஸ் அக்ரிமென்ட் வழியா வருது, ரெண்டு அக்ரிமென்ட்டையும் சேத்துப் பாக்காம சரக்கு விலையை மட்டும் தனியா வச்சு ஒப்பிடக் கூடாதுன்னு சொல்லி கேஸை கீழ்க் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிச்சு. உங்க ஆர்டர்லயும் ஆபீசர் ஒரு டிரான்சாக்‌ஷனை மட்டும் பிச்சு எடுத்துப் பாத்திருக்காரான்னு இந்தக் கண்ணோட்டத்துல ஒரு தடவை படிங்க, ராயல்டி தனியா சரக்கு தனியான்னு பிரிச்சு ரெண்டுலயும் ஏத்திருந்தா வாதம் அங்கதான் இருக்கு.

மேனேஜ்மென்ட் ஃபீஸ்ல அட்ஜஸ்ட்மென்ட்னா கதை வேற, அங்க விலை எவ்ளோன்னு யாரும் பேசவே மாட்டாங்க, சர்வீஸ் வந்ததுக்கு ஆதாரம் எங்கன்னு கேட்டு முழுசா ஜீரோ ஆக்கிருவாங்க. கேக்குறது மூணு, நிஜமா சர்வீஸ் வந்துச்சா, உனக்கு பலன் இருந்துச்சா, நீயே பண்ற வேலையை அவங்க ரெண்டாவது தடவை பண்ணாங்களா. பங்குதாரர்ங்கிற முறைல தாய்க் கம்பெனி தனக்காகப் பண்ணிக்கிற வேலைக்கு உங்ககிட்ட பில் போட முடியாது. இதுக்கு இன்வாய்ஸும் அக்ரிமென்ட்டும் மட்டும் வச்சுக்கிட்டு போனா வெறுங்கையோட போன மாதிரிதான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பக்கம் எழுதுங்க, யாரு பண்ணாங்க, உங்க பக்கம் யாரு வாங்குனாங்க, அதுல என்ன மாறுச்சுன்னு, பின்னாடி நாலு மெயில், ஒரு மீட்டிங் நோட்ஸ், ஒரு ரிப்போர்ட். ஆயிரம் மெயிலை டம்ப் பண்ணாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க, அதுக்குள்ள உங்களுக்கே எதிரா ஒண்ணு இருக்கும். பேரோல், ஐடி ஹெல்ப்டெஸ்க் மாதிரி குறைஞ்ச மதிப்பு சர்வீஸுக்கு 5 சதவீத மார்க்கப் போதும், கம்பேரபிள் தேடி ஒப்பிடுற பெஞ்ச்மார்க்கிங்கே வேணாம்னு ஓஇசிடி ஒரு சுலப வழி வச்சிருக்கு, உங்க நாடு அதை ஏத்துக்கிட்டுருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

பதில் எழுதுறப்ப ஒரு பழக்கம், எல்லா வாதத்தையும் கொட்டாதீங்க. முதல்ல அட்ஜஸ்ட்மென்ட்டே தப்புன்னு ஒரு வாதம், அது எடுபடலன்னா தொகை இவ்ளோதான் வரணும்னு ரெண்டாவது, அதுவும் இல்லன்னா இதுன்னு மூணாவது, ஒவ்வொண்ணுக்கும் நேரா நம்பர் போட்டு ஒரு சின்ன டேபிள். முடிவு பண்றவருக்கு நடுவுல நிக்க ஒரு இடம் வேணும், இடம் குடுக்கலன்னா அவரு முழுசா அந்தப் பக்கம் சாஞ்சிருவாரு. இதுல கௌரவம் பாக்காதீங்க.

கம்பெனி நஷ்டத்துல இருக்கு, வரி எப்படியும் வரல, அப்புறம் எதுக்கு அப்பீல்னு விடுறவங்களும் இருக்காங்க. நஷ்டம் குறைஞ்சா அடுத்தடுத்த வருஷம் கழிக்கிறதுக்கு நஷ்டம் இருக்காது, அப்ப வரி வரும், அப்ப போய் பழைய ஆர்டரை எதுக்க முடியாது.

இப்ப அப்பீலா மேப்பா. நம்ம உதாரணத்துல 30 ஏத்துனாங்க, வரி 25 சதவீதம்னா 7.5. ஆனா அந்த 30 ஏற்கனவே வெளிநாட்டுக் கம்பெனியோட லாபத்துல இருக்கு, அங்கயும் 25 சதவீதம் கட்டியாச்சுன்னா இன்னொரு 7.5. ஒரே லாபத்துக்கு பாதி வரியாப் போகுது. அங்க 30ஐக் குறைச்சுக் குடுத்தா சரியாயிரும், அதுக்குப் பேரு கரஸ்பாண்டிங் அட்ஜஸ்ட்மென்ட், 9ஆவது ஷரத்தோட ரெண்டாவது பத்தில இருக்கு, ஆனா அந்த நாடு தானா குடுக்காது, ஏத்துனது நியாயம்னு அவங்க ஒத்துக்கணும். அதுக்குத்தான் மேப், ரெண்டு நாட்டு அதிகாரிங்க உக்காந்து பேசுறாங்க. உள்நாட்டு கோர்ட் உங்களுக்கு முழுசா சாதகமா தீர்ப்பு குடுத்தா ஏத்துன வரி மொத்தமும் போயிரும், பாதி மட்டும் குடுத்தா மீதிக்கு இரட்டை வரி அப்படியே நிக்கும், கோர்ட் தீர்ப்பை மீறி உங்க நாட்டு அதிகாரி மேப்ல இறங்கி வர முடியாத நாடுகள் நிறைய. அதனால நான் பாத்த வரைக்கும் சட்டம் விட்டா ரெண்டையும் ஃபைல் பண்ணிட்டு, அப்பீலைக் கிடப்புல வச்சு, மேப்பை முதல்ல நகர்த்துறது நல்லது. வெளிநாட்டுப் பக்கத்துல வரியே இல்லன்னாவோ ஒப்பந்தமே இல்லன்னாவோ மேப்ல ஒண்ணும் கிடைக்காது, நேரா அப்பீல்தான். பொறுமை வேணும், வருஷக் கணக்குல இழுக்கும், பேசி முடிக்கணும்னு அதிகாரிகளுக்குக் கடமை கிடையாது, முயற்சி பண்ணா போதும். மாடல்ல ரெண்டு வருஷத்துல முடியலன்னா ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்புக்குப் போகலாம்னு 2008ல சேத்தாங்க, ஆனா எல்லா ஒப்பந்தத்துலயும் அது இல்ல.

ஆபீசர் செட்டில்மென்ட் பேசுனா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மேப் உரிமையை விட்டுக் குடுக்குற வரி எங்கயாவது இருக்கான்னு பாருங்க. ஆடிட் செட்டில்மென்ட் மேப்புக்குத் தடையா இருக்கக் கூடாதுன்னு லாபத்தை வரி குறைஞ்ச நாட்டுக்கு நகர்த்துறதைத் தடுக்க ஓஇசிடி கொண்டு வந்த பெப்ஸ் திட்டத்தோட 14ஆவது ஆக்‌ஷன் சொல்லுது, ஆனாலும் படிச்சுட்டுப் போடுங்க. செகண்டரி அட்ஜஸ்ட்மென்ட்னு இன்னொண்ணும் பின்னாடியே வரலாம், அந்த 30 வெளிநாட்டுலயே தங்கிருச்சு, அது டிவிடெண்ட் மாதிரி இல்ல கடன் மாதிரின்னு சொல்லி அது மேலயும் வரியோ வட்டியோ. எல்லா நாட்டுலயும் கிடையாது, இருக்குற நாட்டுல பணத்தைக் குறிச்ச நாளுக்குள்ள திருப்பிக் கொண்டு வந்தா தப்பிக்கலாம்.

ஒரு வருஷ ஆர்டரோட இது நிக்காது. அதே அக்ரிமென்ட், அதே விலை அடுத்த வருஷமும் ஓடிட்டுத்தான் இருக்கும், ஆர்டரும் அடுத்தடுத்து வரும். கோகோ கோலாவுக்கும் அமெரிக்க வரித்துறைக்கும் 1996ல ஒரு ஒப்பந்தம் ஆச்சு, 1995 வரைக்குமான வருஷங்களுக்கு. கம்பெனி அதே ஃபார்முலாவைத் தொடர்ந்து போட்டுச்சு, அடுத்தடுத்த ஆடிட்லயும் யாரும் ஒண்ணும் சொல்லல, பத்து வருஷம் கிட்ட. அப்புறம் 2007ல இருந்து 2009 வரைக்கான கணக்குல வேற முறை போட்டு ஏறக்குறைய 900 கோடி டாலர் வருமானத்தை ஏத்துனாங்க, 2020 நவம்பர்ல டாக்ஸ் கோர்ட் பெரும்பாலும் வரித்துறை பக்கம் நின்னுச்சு. பழைய ஒப்பந்தத்தைக் காட்டி கம்பெனி வச்ச வாதம் எடுபடல, ஏன்னா அதுல எதிர்கால வருஷத்துக்கு இதே முறைதான்னு எழுதல. போன தடவை விட்டாங்களேங்கிறது வாதமே இல்ல. பெரிய தொகைன்னா ஏபிஏ, அதாவது விலை முறையை முன்கூட்டியே துறையோட பேசி முடிக்கிற ஒப்பந்தம், அதை யோசிங்க, ரெண்டு நாடும் சேந்து போடுறதா இருந்தா இன்னும் நல்லது, பழைய வருஷத்துக்கும் அதே முறையைப் பின்னோக்கி நீட்டிக்க முடியுமான்னும் கேளுங்க.

ஏபிஏ எல்லாம் நமக்கு ரொம்பப் பெருசுன்னா இந்த வருஷ அக்ரிமென்ட்டையாவது திருத்துங்க, அந்த அபூர்வச் செலவு வரி, செக்மென்ட் பிரிக்கிற முறை, வருஷக் கடைசில மார்ஜினை சரி பண்ற ட்ரூ அப் வரி. ட்ரூ அப் போடுறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் பாக்குற ஆளைக் கூப்பிட்டுப் பேசிருங்க, ஏன்னா இறக்குமதிச் சரக்கு விலையை வருஷக் கடைசில கூட்டுனா வருமான வரி குறையும், அதே சரக்குக்கு கஸ்டம்ஸ் டியூட்டி பாக்கி நிக்கும், ரெண்டு டிபார்ட்மென்ட்டும் ஒரே இன்வாய்ஸை வேற வேற பக்கம் இழுக்குறதைப் பாத்திருக்கேன்.